டிக்கிக்குள் போத்தல்

"கார்த் திறப்பைத் தாங்கோ," என்று அக்னெஸ் கையை நீட்டினாள்.

லாசால் பகுதியில், கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தின் கார்த் தரிப்பிடம். அவள் கணவர் அருமைராசா போத்தலை வைத்து டிக்கியைச் சாத்திவிட்டு வாயைத் துடைத்தார்.

"ரெண்டு பெக்தான். நாலு ஆம்பிளையள் கூடினா டிக்கியைத் திறக்கிறது வழமைதானே."

"இண்டைக்குமோ?"

"இருபது வருசமா கார் ஓடுறன், ஒரு கீறல் இல்லை. ஏறும்."

"நான் ஏறமாட்டன். பஸ்ஸில போவம்."

அவர் காதில் வாங்காமல் ஏறி எஞ்சினை முடுக்கினார். அதற்குள் மண்டபத்திலிருந்து மரிசோல் ஓடி வந்தாள். ஜான்-டலோன் சந்தையில் அவரோடு ஒரே மரக்கறிக் கடையில் வேலை செய்யும் மெக்சிக்கோக்காரி. அவர் கண்ணாடியை இறக்கினார்.

சாப்பாட்டுப் பெட்டியையும் ஒரு சின்னப் படத்தையும் அவள் நீட்டினாள். படத்தில் அவளுடைய மகன் மத்தேயோ, பதினேழு வயது. போன மாதம் எவனோ குடித்துவிட்டு ஓட்டிய கார் மோதி இறந்துபோனவன். சற்றுமுன் முடிந்தது அவனுடைய நினைவுப் பூசை.

"கவனமாகப் போங்கள்," என்று பிரெஞ்சில் சொன்னவள், பதிலுக்காக ஜன்னலோரம் நின்றாள்.

அருமைராசாவின் கை எஞ்சினை நிறுத்தியது. வாயை மட்டும் அவரால் திறக்க முடியவில்லை. திறந்தால் மணக்கும்.