வரையாத கட்டம்

துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி இறக்கும் மென்பொருளைச் சோதிப்பது ஆன்சியின் வேலை. கேட், லாரி, கிரேன் என்று ஒவ்வொன்றுக்கும் திரையில் கட்டம் வரைந்து, எதற்குப் பின் எது நடக்கும் என்று அம்புக்குறி போட்டுவிடுவாள். அதைப் பார்த்துச் சோதனைகளைக் கம்ப்யூட்டரே கோத்துக்கொள்ளும். கன்டெய்னர்களை அடுக்கும் யார்டுக்குள் டிரைவர் லாரியை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. அதனால் டிரைவரை அவள் வரையவே இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது திரையில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது. 'டிரைவர் இறங்கினார்.' அதிலிருந்து ஒரே ஓர் அம்பு, 'கிரேன் பெட்டியை இறக்கியது' என்ற கட்டத்துக்குப் போனது.

"டெரிக், இத நீ போட்டியா?"

"நா இன்னாத்துக்கு அத்த தொடப்போறேன்?" என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

அழித்தாள். திரும்ப வந்தது. அவள் அப்பா ஹென்றி அந்த யார்டில்தான் டிரெய்லர் ஓட்டுகிறார். போன் போட்டாள்.

"நைனா, எங்க கீற?"

"யார்டுலதாம்மா. பின்னாடி பொட்டிய புடிச்சிக்கிற லாக்கு மாட்டிக்கிச்சு. எறங்கிப் பாத்துகினு கீறேன்."

"வண்டில ஏறு நைனா. மொதல்ல ஏறு."

"தோ, ஒரு நிமிசம்."

'டிரைவர் ஏறினார்' என்று அவசரமாக ஒரு கட்டம் வரைந்து, அம்பை அதற்கு இழுத்தாள். அம்பு நிற்கவில்லை. நழுவி நழுவிக் கிரேனுக்கே போனது.

போனுக்குள், பெட்டி இறங்குகிறது என்று எச்சரிக்கும் கிரேனின் மணி அடிக்க ஆரம்பித்தது. அப்பா இன்னும் லாக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.