பூட்ஸில் ஒட்டிய மண்

"தோட்டத்துக்குள்ள நாங்க செருப்புப் போட்டு நடக்க மாட்டோமுங்க" என்று மாராக்கா வேலியோரம் சொன்னபோது, மண் பரிசோதிக்க வந்த ஜெசிந்தா சிரித்துக்கொண்டே பூட்ஸோடு கொய்யா மரங்களுக்குள் நடந்தாள். சுற்றிலும் கொய்யா தோப்பு தோப்பாகப் பட்டுப்போகிறது. வேரைத் தின்னும் நூற்புழு இங்கேயும் வந்துவிட்டதா என்று அரைமணியில் சொல்லும் சின்னக் குழாய்கள் அவள் பையில் இருந்தன. புழு இருந்தால் குழாயிலுள்ள ரோஸ் நிறத் தண்ணீர் மஞ்சளாகும். வேரடி மண்ணை ஒன்றில் போட்டாள். செருப்பில் ஒன்றுமில்லை என்று காட்டி மாராக்காவைச் சீண்டுவதற்காக, காலையிலிருந்து பல தோப்புகளை மிதித்த தன் பூட்ஸின் அடிமண்ணைச் சுரண்டி இன்னொன்றில் போட்டாள். அரைமணி நேரம் இரண்டும் அவள் பிளாஸ்கிலிருந்த வெந்நீரில் கிடந்தன.

வேரடி மண்ணின் குழாய் ரோஸாகவே இருந்தது.

"புழு இல்லீங்களா? நெசமாவா?" மாராக்கா மரத்தைத் தொட்டுக் கும்பிட்டாள்.

மற்ற குழாயை ஜெசிந்தா கைக்குள் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் மஞ்சள் தெரிந்தது. வேலியிலிருந்து மரத்துக்கு மரம், ஈரமண்ணில் அவளுடைய பூட்ஸ் தடம்.

பக்கத்துத் தோப்பிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "மேடம், அப்படியே எங்க தோட்டத்துக்கும் வந்துட்டுப் போங்க. படல் தொறந்துதான் கெடக்குது."

ஜெசிந்தா ஒரு காலைத் தூக்கினாள். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.