எள் இல்லாத துருக்கி

துருக்கிக்கு என்னென்ன வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம்.

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். மனைவி சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்தபடியே பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. எழுதிய காகிதம் எதைக் கண்டாலும் அவள் கையில் பேனா தானாக இறங்கிவிடும்.

திங்கள் முதல் எனக்கு ஐந்து நாள் விடுமுறை. மகளுக்கும் பள்ளி இல்லை. அந்த ஐந்து நாளும் எங்கள் வீடுதான் துருக்கி.

ஏற்கெனவே இரண்டு நாடுகளைப் பார்த்தாகிவிட்டது. ஜப்பானில் ஒரு வாரம் குட்டை மேசை முன் மண்டியிட்டுச் சாப்பிட்டு எனக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. இத்தாலியில் மகள் ஹாலின் குறுக்கே கொடி கட்டித் துணி தொங்கவிட்டாள். குனிந்து குனிந்து நடந்ததில் கழுத்தும் போனது.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். வெளியூர் எங்கும் போகவில்லையா என்று கடையில் கேட்டால், எங்களுக்குக் கூட்டம் ஒத்துவராது என்பேன். அது பொய்யில்லை.

மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். மூன்று பாஸ்போர்ட் செய்து வைத்திருந்தாள். மூன்றிலும் 'துருகி' என்று எழுதியிருந்ததால், அம்மா ஒன்றுவிடாமல் வாங்கி, விட்டுப்போன 'க்' போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பட்டியல் நீண்டது. இடை சிறுத்த சின்னக் கண்ணாடி டம்ளரில் பால் சேர்க்காத தேநீர். ஆலிவ், பாலாடைக்கட்டி, தக்காளி, வெள்ளரி, எல்லாம் தனித்தனிக் குட்டித் தட்டுகளில். வருகிறவர்கள் கையில் தெளிக்க எலுமிச்சை வாசனைக் கொலோன். யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன். நாமே ஒருத்தருக்கொருத்தர் தெளித்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் பேச்சை முடித்துவிட்டாள்.

காலையில் தின்ன வளைய ரொட்டி. மேலே எள் அப்பியிருக்க வேண்டும். அதை மட்டும் ஒருமுறை இன்றே சுட்டுப் பார்த்துவிடலாம் என்று மனைவி மாவு பிசைந்து, முறுக்கி, வளையங்களைத் தட்டில் அடுக்கியிருந்தாள். பிறகு அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு டப்பாவாக இறக்கி முகர்ந்து பார்த்தாள்.

எள் இல்லை.

எள் போடாமலே சுட்டால் என்ன கெட்டுவிடும் என்றேன். அவள் பார்த்த பார்வையில் நானே ஓர் அச்சுப்பிழையாகிவிட்டேன்.

"எள்ளு இல்லன்னா அது வெறும் ரொட்டி."

கையைக் கழுவினாள். துடைத்த துண்டாலேயே இன்னொரு முறையும் துடைத்தாள். சன்னல் பக்கம் பார்த்தாள்.

"எதிர்த்த கடையிலதானே இருக்கும். நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் மேனேஜர் என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

வாயை மூடிக்கொண்டேன்.

மனைவி கதவருகே போய் நின்றாள். சாவியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். மகள் தலையை நிமிர்த்தவே இல்லை. ஏற்கெனவே எழுதிய 'வெள்ளரி'யின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். காகிதம் கிழிந்துவிடும் போலிருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம். பிறகு இறங்கும் சத்தம்.

நான் எழுந்தேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சன்னல்கிட்ட போகாதீங்கப்பா. அம்மா நிமிர்ந்து பார்த்தா நாம தெரிவோம்."

உட்கார்ந்துவிட்டேன். தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதித்து, பாதியாக வற்றியது. அணைக்கத் தோன்றவில்லை. தெருவில் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. மகளின் கை என் கைக்குள் இருந்தது. வியர்த்திருந்தது அவள் கையா என் கையா என்று சொல்ல முடியாது. லிஃப்ட் ஏறி வந்தது, எங்கள் தளத்தில் நிற்காமல் மேலே போனது.

இன்னும் ஒருமுறை ஏறி வந்தது. கதவில் சாவி திரும்பியது.

முகமெல்லாம் வேர்வை. ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது. ஆனால் கையில் இரண்டு பை. தக்காளி, துணி சோப்பு, மெழுகுவர்த்தி, கக்கத்தில் ஒரு துடைப்பம். துடைப்பம் எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

கடைக்குள் புதிதாகப் பலகை மாட்டியிருக்கிறார்கள், அதில் 'காய்கரி' என்று எழுதியிருக்கிறார்கள், கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றாள்.

அந்தப் பலகை மாட்டி ஒரு வருடம் ஆகிறது.

அதற்கும் இரண்டு மாதம் முன்பு, நடுச்சாலையில் நெஞ்சை அடைத்துக்கொண்டு, வண்டிகளுக்கு மத்தியில் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்று நான் தூக்கிக்கொண்டு வந்ததுதான். அதன் பிறகு இந்த வாசலை அவள் தாண்டவில்லை. பிடித்துத் தள்ளாதீர்கள், அவராக நகரும்வரை பொறுத்திருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொறுத்திருந்தோம், ஜப்பானிலும் இத்தாலியிலுமாக.

மேனேஜர் என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது.

மனைவி பைகளை மேசைமேல் கொட்டினாள். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள். காலிப் பையை உதறினாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எள்ளை மறந்துட்டேன். இருங்க, போயிட்டு வந்துடறேன்."

இந்த முறை அவள் லிஃப்டுக்காக நிற்கவில்லை. படியில் இறங்கிப் போகும் சத்தம் கடைசிப் படி வரை கேட்டது.