நண்டுக்குப் பிறகு

இன்னொரு தடவை இந்த மனிதர் ஒசாக்காக் கோட்டையைப் பற்றிச் சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டே, சிவமலர் றோல்ஸ் தட்டை நீட்டினாள்.

"வெளியில இருந்து பாத்தா அஞ்சு மாடி. உள்ளுக்க எட்டு!" என்றார் பாலேந்திரா. லண்டன் வால்தம்ஸ்டோவிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார். எண்பத்தொன்பதிலிருந்து இரண்டு வருடம் ஜப்பானில் என்ஜினியராக இருந்தவராம்.

அக்கா தவமலரின் ஈஸ்ட் ஹாம் வீடு வாயைப் பிளந்து கேட்டது. கோட்டை முடிந்து கோயில் வந்தது. கோயில் குளத்தில் ஆமைகள் வந்தன. கடைசியாக, கால்வாய்க் கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் நெற்றியில் காலாட்டும் இயந்திர நண்டு. "ஆறரை மீற்றர் அகலம்!"

"நண்டு காலாட்டுமோ? பேய்க்கதை!" என்று அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார்.

சிவமலருக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்ச வாழ்நாள் முழுவதும் ஒருவரோடு இருக்கப் போகிறவளுக்கு ஆமையும் நண்டும் போதுமா?

"அங்க எந்தப் பக்கம் இருந்தனீங்கள்? வேலைக்கு ரயிலோ?"

"ரயில்... எல்லாம் நல்ல வசதி. கோட்டைக்குள்ள லிப்டும் இருக்கு."

மறுபடியும் கோட்டை. கேட்டதற்குப் பதில் வராது. கேட்காததற்கெல்லாம் அளவு வரும்.

அக்கா அவளைக் குசினிக்குள் இழுத்துப் போனாள். "என்னடி, விசாக் குடுக்கிற ஹோம் ஒஃபிஸ் மாதிரி விசாரிக்கிறாய்? நாள் முழுக்க லைப்ரரிப் பின்னறையில கிழிஞ்ச புத்தகங்களுக்குப் பசை பூசுறாய். மத்தியானச் சோத்தோட ஊர் ஊரா பயணப் புத்தகம் வாசிக்கிறாய். நேரில கூட்டிக்கொண்டு போக ஒரு மனுசன் வந்தா, அதுவும் பிழையோ? அவற்ற வீட்டில இருந்து உன்ர லைப்ரரிக்கு நடக்கிற தூரம்!"

பிழைதான் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏழு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவளின் சொல்லை இந்த வீட்டில் யார் கேட்பார்கள்? 'உனக்கு எல்லாத்திலயும் குறைதான்' என்பார்கள். வார்த்தையை விழுங்கிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள்.

"அவருக்குச் சம்மதமாம், பிள்ளை," என்றார் அத்தான். "நீ ஓம் எண்டு சொன்னா, தை மாசமே வைக்கலாம். சொல்லன்."

எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் பாலேந்திராவைப் பார்த்தாள்.

"நண்டுக்குப் பிறகு வேற என்ன பாத்தனீங்கள்?"

அவர் யோசித்தார். றோல்ஸைக் கடித்தார். மென்று முடித்தார்.

"அதோட... அவ்வளவுதான்."

சிவமலர் தட்டை மேசையில் வைத்தாள்.

"எங்கட லைப்ரரி ஜப்பான் புத்தகமும் நண்டுப் பக்கத்தோட கிழிஞ்சு போச்சு, அண்ணை."