தோற்றவன் தலை

இதனால் ஷோனான் என்கிற சிங்கப்பூர் மாநகரத்து மகாஜனங்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், தஞ்சோங் பகார் கால்பந்து அணியின் மேனேஜர் துரைசாமி மொட்டை அடித்துக்கொண்டுவிட்டான்.

அறிவித்தவர் வேலாயுதம். இடம், தேக்கா சந்தைக்கு எதிரே ஹனீபாவின் காப்பிக்கடை. தண்டோரா போட டமாரம் இல்லாத குறைக்கு மேசையைத் தட்டினார்.

"எல்லாரும் பாத்துக்குங்கய்யா! எங்ககிட்ட அஞ்சு கோல் வாங்கினவன் தலையை! வர்ற வழியில ரெண்டு பேரு ஜப்பான்காரன்னு நெனச்சுக் குனிஞ்சு வணக்கம் போட்டாங்களாம்!"

கடை சிரித்தது. துரைசாமி, தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயாமல் இருக்க, வறுத்த சோளத்தில் போட்ட காப்பியை ஊதி ஊதிக் குடித்தான்.

கொண்டாட வேலாயுதத்துக்கு உரிமை இருந்தது. சிராங்கூன் அணியின் ரசிகர் சங்கத் தலைவர் அவர். சண்டைக்கு முன் அந்த அணிக்கு 'ராயல் லெவன்' என்று பெயர். வெள்ளைக்காரன் சரணடைந்த மறுநாளே பலகையை அழித்து 'உதயசூரியன்' என்று எழுதிய தீர்க்கதரிசியும் அவரே.

குண்டுவீச்சில் பாதி ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். மிச்சம் மீதியைக் கூட்டிவந்து, புது ரத்தம் பாய்ச்சி, அணியை எழுப்பி நிறுத்தினார். அந்தப் புது ரத்தத்தில் முதல் சொட்டு அவருடைய சொந்த மருமகன் சுந்தரம். மரவள்ளித் தோட்டமே போதும் மாமா என்று கெஞ்சியவனை விடவில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கோழி. மகள் மாசமாக இருந்தாள். ஆனாலும் முட்டை மருமகனுக்குத்தான் போயிற்று. சென்டர் பார்வர்ட் அல்லவா!

முட்டை வீண்போகவில்லை. சீசன் தொடங்கியதிலிருந்து உதயசூரியனுக்கு எல்லாமே வெற்றி. "இது நம்ம வருஷம்" என்று வேலாயுதம் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். பார்க்காதவர்களைத் தேடிப்போயும் சொன்னார்.

முதலிடத்துக்கு வரும் அணிக்கு ஜப்பானிய அதிகாரி பரிசு அறிவித்திருந்தார்: வெளிநாட்டில் நட்பு ஆட்டம். எந்த ஊர் என்பது ராணுவ ரகசியம். ஆகவே அது டோக்கியோ என்று வேலாயுதம் முடிவுகட்டினார். அன்று காலையில்தான் ரயில் நிலையத்துக்குப் போய், ஒவ்வொருவனுக்கும் மாலை போட்டு, சொற்பொழிவாற்றி வழியனுப்பிவிட்டு வந்திருந்தார். டோக்கியோவுக்கு ரயில் போகுமா என்று யாரும் கேட்கவில்லை. தலைவரிடம் யார் கேட்பது?

"இவங்க கோல்கீப்பர் அழகப்பன், சண்டைக்கு முந்தி மதில்சுவர் மாதிரி நிப்பான். சுந்தரம் பந்தோட வந்ததும் என்ன செஞ்சான் தெரியுமா? குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்ட ஆரம்பிச்சுட்டான்!"

"அவன் வெறுங்கால்ல தானே லா ஆடினான்?" என்றார் ஹனீபா, கிளாசைத் துடைத்தபடி.

"அதான்யா பயம்! கால்ல பூட்ஸ் இல்லைங்கிறதே மறந்துபோச்சு!"

மறுபடியும் சிரிப்பு. வேலாயுதம் துரைசாமியின் தோளில் கைபோட்டார்.

"இதையும் கேளுங்க. போன வாரம் ரகசியமா வந்து, 'அண்ணே, சுந்தரத்துக்குக் கால் சுளுக்குன்னு சொல்லி உக்கார வச்சிடுங்க'ங்கிறான்! என் மக கல்யாணத்துல பந்தி பரிமாறினவன், என் மருமகனைக் கண்டு இப்படி நடுங்கலாமா?"

துரைசாமி கிளாசைக் கீழே வைத்தான்.

"சரி, மொட்டை எதுக்குடா? தோத்த அவமானம் தாங்கலையா?"

"வேண்டுதல்ணே. காளியம்மாகிட்ட."

"ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டியா? ஆத்தா கைவிட்டுட்டாளாக்கும்!"

"கைவிடல. கேட்டதைக் குடுத்துட்டா. அதான் போட்டேன்."

வேலாயுதத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னடா கேட்டே?"

"தோக்கணும்னு."

துரைசாமி வேலாயுதத்தின் பக்கம் திரும்பினான்.

"அழகப்பன் ஸ்டேஷன்லதான் மூட்டை தூக்குறான். ஜோகூர்ல முதலா வந்த டீமையும் இப்படித்தான் நட்பு ஆட்டம்னு கூட்டிட்டுப் போனாங்க. அவங்க ரயில் பெட்டியில பந்து ஏத்தலண்ணே. மண்வெட்டி ஏத்துனாங்க. சயாம்ல தண்டவாளம் போடத் தெம்பான ஆளா வேணுமாம். போனவன் ஒருத்தனும் திரும்பல."

வேலாயுதம் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் மாலை கட்டிய வாழைநார் அவர் விரலில் இன்னும் சுற்றியிருந்தது.

"நாங்க ஜெயிச்ச மத்த டீமுக்கெல்லாம்..."

"எல்லாருக்கும் தெரியும்ணே."

"அடப்பாவி!" துரைசாமியின் சட்டையைப் பிடித்தார். "வயித்துப்புள்ளைக்காரிடா அவ! நான் போய் அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? சுளுக்கு கிளுக்குன்னு சுத்தி வளைக்காம, ஒரு வார்த்தை உடைச்சு சொல்லியிருக்கக் கூடாதா?"

துரைசாமி சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. தோள் துண்டை எடுத்துச் சந்தனத் தலையை மூடிக்கொண்டான்.

"சொல்லியிருந்தா நீங்க தோத்திருப்பீங்கண்ணே. அப்புறம் நாங்கல்ல ஜெயிச்சிருக்கணும்."