கல்லாங்காடு பிரிவில் பஸ் நிற்காது

மேட்டில் பஸ்ஸின் தலை தெரிந்ததும் பெண்கள் ரோட்டுக்கு நடுவே வந்து கைகோத்து நின்றார்கள்.

நடுவில் விஜயராணி. இடது கையில் தங்கை ஆஷா. வலது கையில் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள்.

"இன்னைக்கு எப்பிடி நிக்காமப் போறான்னு பாப்போம்" என்றாள் விஜயராணி.

நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனிகளுக்குப் போக காலையில் அந்த ஒரு டவுன் பஸ்தான். தகரம் கிழிந்த, ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் அட்டை வைத்துக் கட்டிய பஸ். சில நாள் வரும், சில நாள் வராது. வருகிற நாளிலும் இரண்டு மாதமாகக் கல்லாங்காடு பிரிவில் நிற்பதில்லை. இறக்கத்தில் ஹாரன் அடித்தபடியே வந்து, கை நீட்டுகிறவர்கள் மேல் புழுதியை இறைத்துவிட்டுப் போய்விடும்.

அடுத்த ஸ்டாப்பில், ஏற்றத்தில், நின்று ஆள் ஏற்றும். அவ்வளவு தூரம் நடப்பதற்குக் கம்பெனிக்கே நடந்துவிடலாம்.

அங்கே ஏறுகிறவர்கள் சொந்தமாகக் காடு தோட்டம் வைத்திருக்கிற உள்ளூர்க்காரர்கள். இங்கே லைன் வீடுகளில் இருப்பதெல்லாம் பிழைக்க வந்த தெக்கத்திச் சனம். அதனால்தான் நிறுத்துவதில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். விஜயராணிக்கு அதில் சந்தேகமே இல்லை.

கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத காலம் அது. இருக்கிற நேரத்தில் மெஷின் ஓடியாக வேண்டும். தாமதமாகப் போனால் கேட் திறக்காது. போன வாரம் அக்காவும் தங்கையும் கேட்டோடு திரும்பி வந்திருந்தார்கள். இன்னொரு தடவை இப்படியென்றால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

பஸ் இறங்கியது.

ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

யாரும் நகரவில்லை. யாரோ ஒருத்தி சிரித்தாள்.

வேகம் குறையவில்லை.

ஓரத்தில் நின்றவள் முதலில் கையை விட்டாள். பிறகு அவளுக்கு அடுத்தவள். செருப்புகள் ரோட்டிலேயே கிடக்க, இரண்டு பக்கமும் சிதறி ஓடினார்கள். வெள்ளையம்மாளின் கை வியர்வையில் வழுக்கி நழுவியது.

"அக்கா..." என்றாள் ஆஷா.

விஜயராணி நகரவில்லை. நிறுத்துவான். நடுரோட்டில் இரண்டு உயிர் நிற்பது தெரிந்தும் நிறுத்தாமல் வர ஒரு மனிதனால் முடியாது.

கண்ணாடிக்குப் பின்னால் டிரைவரின் முகம் தெரிந்தது. வாயைத் திறந்து என்னவோ கத்தினார்.

கடைசி நொடியில் பஸ் சட்டென்று ஓரத்துக்குத் திரும்பியது. வேஸ்ட் குடோன் வாசலில் அடுக்கியிருந்த துணி மூட்டைகளுக்குள் முட்டிப் புகுந்து, குலுங்கி நின்றது. மூட்டைகள் பிதுங்கி, வெட்டுத்துணி வெள்ளையும் சிவப்புமாக ரோடெங்கும் பறந்தது.



பிறகு யாரோ "நின்னுருச்சுடி!" என்று கூவினார்கள். அவ்வளவுதான். டிபன் பாக்ஸ்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பின்படிக்கு ஓடினார்கள். ஆஷாவும் ஓடினாள். ஓடும்போது வலது கையை உதறிக்கொண்டே போனாள். அவள் விரல்கள் வெளுத்திருந்தன. அவள் கையை விட முயன்றதும், தான் விடாமல் இறுக்கியதும் அப்போதுதான் விஜயராணிக்கு உறைத்தது.

அந்த ஆத்திரத்தோடு டிரைவர் பக்கம் போனாள்.

"ஏய்யா, எங்களையெல்லாம் பாத்தா மனுசங்களாத் தெரியலையா?"

அவர் திரும்பவில்லை. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆள். பஸ் நின்ற பிறகும் அவருடைய வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. பெடல் ஒரு தடையுமில்லாமல் தரைவரை போனது. மறுபடியும் போனது.

விஜயராணி அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எறக்கத்துல புடிக்கறதில்லீங்க அம்மிணி" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "ஏத்தத்துல தானா நின்னுக்கும். இங்க நிறுத்தறது என்னால ஆகறதில்லீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"டெப்போவுல சொல்லாத நாளில்லீங்க. இருக்கறத ஓட்டுங்கறாங்க. சனங்ககிட்டச் சொன்னா ஆருங்க ஏறுவாங்க? ஏறலீன்னா இதையும் நிறுத்திப்போடுவாங்க."

கண்டக்டர் விசில் அடித்தார். டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரிவர்ஸ் கியர் போட்டார். மூட்டைகள் சரிய, பஸ் பின்னால் நகர்ந்து ரோட்டில் ஏறியது. உள்ளே பெண்கள் கைதட்டினார்கள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஜெயித்திருந்தார்கள்.

ஆஷா ஜன்னலில் தலை நீட்டினாள். "அக்கா, எடம் போட்டு வச்சுட்டேன், வா!"

டிரைவர் விஜயராணியைப் பார்த்தார். சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

நெருப்பெரிச்சலுக்கு முன்னால் ஓடைப் பாலத்து இறக்கம் இருக்கிறது.

"ஆஷா, எறங்கு" என்றாள். கைதட்டலில் அது கேட்கவில்லை. படியில் ஏறி நின்று மறுபடி கத்தினாள். "எல்லாரும் எறங்குங்க! பிரேக்கு இல்ல!"

எல்லோரும் இறங்கினார்கள். டிரைவரும் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அன்று கேட் திறக்கவில்லை. சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் அக்காவும் தங்கையும் வேலையைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பஸ் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வேறு பஸ்ஸும் விடவில்லை. பொழுது விடிவதற்கு முன்பே கிளம்பி எல்லோரும் நடந்தார்கள். யாரும் விஜயராணியோடு பேசவில்லை.

ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது வெள்ளையம்மாள் மட்டும் வாய் திறந்தாள்.

"பிரேக்கு இல்லேன்னாலும் ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு. நீதான நிப்பாட்டுன."

விஜயராணி பாலத்துக்குக் கீழே பார்த்தாள். முன்னால் ஆஷா தூக்கம் கலையாமல் நடந்துகொண்டிருந்தாள்.