ஈரச் சட்டை

நூற்பாலைக்குள் ஜன்னல் கிடையாது. மிஷின் இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் கதிரேசன் கத்தியபடியே வருகிறார். "நூலு அறுந்து தொங்குது, அங்க என்ன பேச்சு?" யாரும் நூலைப் பார்க்கவில்லை. அத்தனை பெண்களும் அவர் சட்டையைப் பார்க்கிறார்கள். தோளெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. திருச்சுழிப் பக்கம் புழுதியில் குதிரைவாலி விதைத்துவிட்டு வானத்தையே பார்த்துக் கிடந்தவள் மாரிக்கனி. அவர் முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாதவள், ஓடிவந்து அவர் சட்டைக் கையைப் பிடித்து முகர்கிறாள். "வேர்வை இல்லடி, மழை!" பஞ்சு ஒட்டிய முகங்கள் எல்லாம் மலர்கின்றன. "எங்க பக்கமும் பெய்யுதா சார்?" கையை விடாமலே கேட்கிறாள் மாரிக்கனி. "திருச்சுழி ரோட்டுலதான் வாரேன். ரோடே தெரியல, அப்படி ஊத்துது!" திட்ட வந்தது அவருக்கே மறந்துவிட்டது. சுற்றி நெருக்கும் பெண்களிடம் மறு கையையும் நீட்டுகிறார்.